இரண்டு கைகள்

வாசலில் நிற்கும்போதே சத்தம் கேட்டது. கட கட கட. ஓட்டில் மழை விழுகிற மாதிரி.

உள்ளே ஒரு பாட்டி லேஸ் பின்னிக்கொண்டிருந்தார். மடிக்கு முன்னால் உருளைத் திண்டு, அதன்மேல் பூவேலை வரைந்த காகிதம், கோடு நெடுகக் குண்டூசிகள். நூல் சுற்றிய மரக்குச்சிகள் ஜோடி ஜோடியாகத் தொங்கின.

எனக்காக மெதுவாகச் செய்து காட்டினார். குறுக்கே போடுவது, முறுக்குவது, இரண்டே அசைவுதான். பிறகு வேகம் எடுத்தார், விரலே கண்ணில் நிற்கவில்லை. வளைவு வந்த இடத்தில் மட்டும் நிறுத்தி, கொக்கி ஊசியால் நூலை இழுத்து முன்பு பின்னிய ஓரத்தோடு கோத்தார். திரும்ப கட கட.

இது ஸ்லோவேனியாவின் இத்ரியா. ஏறக்குறைய 500 வருடம் பாதரசம் தோண்டிய ஊர். சுரங்கக் கூலி போதாமல் பெண்கள் லேஸ் பின்னி விற்றார்கள். 1876-ல் தொடங்கிய லேஸ் பள்ளி இன்றும் நடக்கிறது. 2018-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் இந்தக் கலை சேர்ந்தது, சந்தோஷம்.

ஆனால் என் மனசு வேறெங்கோ நிற்கிறது.

பாதரசம் உடம்பில் ஏறினால் கை நடுங்கும். அந்தக் கையோடு புருஷன் வீடு திரும்பியிருப்பார். பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒரு இழை பிசகாமல் அவள் பின்னியிருப்பாள்.

அந்த வீட்டு ராத்திரிகளையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.