போயிருந்தா எப்படித் தம்பி ஓடுச்சு?

இன்ஜினை மேலே மூடும் டாப்பெட் கவரின் கேஸ்கெட்டில் ஆயில் கசிவு என்று வந்த வண்டி. இந்தியாவுக்கு வந்த முதல் தலைமுறை ஹோண்டா சிட்டி, 1.5 இன்ஜின். மூன்றாவது சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் வயரை உருவும்போது, அதன் நுனியில் பிளக்கைக் கவ்வும் ரப்பர் பூட் பிளக் குழிக்குள்ளேயே தங்கிவிட்டது, வயர் மட்டும் கையோடு வந்தது. வண்டிக்காரர் பக்கத்திலேயே நின்றிருந்தார். “வயர் உள்ளே ஏற்கெனவே போயிருச்சு சார்” என்று நாங்கள் சொன்னதும் அவர் கேட்டார்: “போயிருந்தா இவ்வளவு தூரம் எப்படித் தம்பி ஓடுச்சு?”

பதில் இல்லாத கேள்வி அல்ல. இந்த வயருக்குள் இருப்பது செம்புக் கம்பி இல்லை. கார்பன் ஏற்றிய கண்ணாடி இழை. வருடக்கணக்கில் சூடேறி ஆறும்போது, இழையும் நுனியில் இருக்கும் டெர்மினலும் சேரும் இடம் கருகி விலகும். அரை மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தாலும் இக்னிஷன் காயில் 20,000 வோல்ட்டுக்கு மேல் தள்ளுவதால், தீப்பொறி அதையும் தாண்டிப் பிளக்குக்குப் போய்விடும். அதனால் ஐடிலிங்கில் ஒன்றும் தெரியாது. ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், பொறி விழ இன்னும் அதிக வோல்டேஜ் வேண்டும். அப்போது மின்சாரம் வெடித்த ரப்பர் வழியாகக் குழியின் சுவருக்குத் தாவும், வண்டி உதறும். மேம்பாலம் ஏறும்போது உதறுமா என்று கேட்டதற்கு, “பழைய வண்டின்னா உதறத்தானே செய்யும்” என்றார். அதுவும் அவர் கணக்கில் நியாயம்தான்.

மற்ற மூன்று வயர்களின் மின்தடையையும் அவர் கண்முன்னே மல்டிமீட்டரில் அளந்தோம். இந்த இன்ஜினுக்கு ஹோண்டா சர்வீஸ் மேனுவல் வைத்திருக்கும் உச்ச வரம்பு 20 டிகிரியில் 25 கிலோ ஓம். இரண்டு அதற்குள் இருந்தன, ஒன்று தாண்டியிருந்தது. ஆனால் தகராறு கையோடு வந்த வயரைப் பற்றி. பிய்ந்த வயர் பிய்வதற்கு முன் என்ன காட்டியிருக்கும் என்று எந்த மீட்டரும் சொல்லாது. பக்கத்து வயர் கெட்டிருப்பது இதுவும் கெட்டிருந்ததற்கு அடையாளம், சாட்சி ஆகாது.

இழுத்த விதத்தில் தவறில்லை என்று சொல்லலாம். இன்ஜின் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியிருந்தது. முழுக்கக் குளிர்ந்தால் பழைய ரப்பர் இன்னும் விறைக்கும். குழியைச் சுற்றியிருந்த மண் காற்றடித்து ஊதப்பட்டது. வயரைப் பிடிக்காமல் மேல் தொப்பியைப் பிடித்து, இரண்டு பக்கமும் கால் சுற்று திருப்பி, நேராக மேலே தூக்குவதுதான் முறை. ஆனால் இந்த இன்ஜினின் சிலிண்டர் ஹெட்டில் பிளக் ஆழக் குழிக்குள் இருக்கிறது. ரப்பர் பிளக்கைக் கவ்வும் இடத்துக்குக் கையோ பூட் பிளையரோ எட்டாது. மேலே கொடுக்கும் திருப்பு கீழே போய்ச் சேர்ந்ததா என்பது விரலுக்குத் தெரிந்தால் உண்டு. அங்கே ஆயில் குழிக்குள் வராமல் தடுக்கும் குழி சீலும் கசிந்து, ஆயிலில் ஊறி உப்பிய ரப்பர் பிளக்கின் பீங்கானோடு ஒட்டிக்கிடந்தது. கவரைத் தூக்க வேண்டுமானால் நான்கு வயரும் வெளியே வந்தாக வேண்டும், வேறு வழியில்லை.

ஆகவே இழுத்திருக்கலாமா என்பது கேள்வியே அல்ல. முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டுமா என்பதுதான் உறுத்துகிறது. “கழற்றும்போது பிய்ந்தாலும் பிய்யும், செட்டா மாத்த வேண்டி வரும்” என்று முதலில் சொன்னால் வியாபாரம் பிடிப்பதாகத் தெரியும். பிய்ந்தபின் சொன்னால் சாக்கு. வயரில் மின்சாரம் பாயும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட்டை ஒவ்வொரு வயரிலும் மாட்டி முன்பே காட்டலாமே என்று தோன்றும். ஆனால் இடைவெளியைத் தாண்டி ஓடும் பொறிக்கும் லைட் ஒழுங்காகவே மின்னும். அந்தச் சோதனை நம் பக்கம் பேசியிருக்காது, அவர் பக்கம் பேசியிருக்கும்!

மீதி வேலை தகராறு இல்லாதது. சிக்கிய பூட்டை நீள மூக்குப் பிளையரால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி எடுக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பீங்கான் விரிசல் விட்டு பிளக்கும் போகும். குழியில் நிற்கும் ஆயிலைத் துணியால் ஒற்றிய பிறகே பிளக்கில் கை வைக்க வேண்டும், இல்லையென்றால் அத்தனையும் சிலிண்டருக்குள் இறங்கும். பிளக்கைத் திரும்ப முறுக்க 18 நியூட்டன் மீட்டர் போதும். கேஸ்கெட்டோடு நான்கு குழி சீலும் மாற்றாவிட்டால் புது வயரும் இதே கதிதான். செம்பு வயர் மலிவு என்று போட்டால் அதன் மின் இரைச்சல் ரேடியோவோடு இஞ்ஜெக்ஷன் கம்ப்யூட்டரையும் தொந்தரவு செய்யும். சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை, அதாவது ஃபயரிங் ஆர்டர், 1-3-4-2. மூன்றும் நான்கும் அடுத்தடுத்து வெடிக்கும் பக்கத்துச் சிலிண்டர்கள் என்பதால் அந்த இரண்டு வயரையும் ஒட்டி இணையாக ஓடவிடாமல் கிளிப்பில் பிரித்து மாட்ட வேண்டும். பூட் உள்வாயில் மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் மெல்லிய பூச்சு. அடுத்த முறை கழற்றுபவருக்கு அது உதவும்.

புது செட்டுக்குக் காசு வாங்கினோம், மாட்டுக்கூலி வாங்கவில்லை. அதைப் பெருந்தன்மை என்று சொல்லவும் முடியவில்லை. கழற்றி மாட்டும் கூலி கவர் வேலையிலேயே அடங்கியது. செட்டில் பாதி விலையை நாம் ஏற்றிருக்கலாமோ என்று சில நேரம் தோன்றும். உடனே வரம்பைத் தாண்டியிருந்த அந்த இன்னொரு வயர் நினைவுக்கு வரும்: அது எப்படியும் மாற்றவேண்டியதுதானே, அதற்கு எதற்குப் பாதி?

இப்போதெல்லாம் குழிப் பிளக் வண்டிகளுக்கு எஸ்டிமேட்டிலேயே ‘பிளக் வயர் பிய்ந்தால் தனிச் செலவு’ என்று எழுதிவிடுகிறோம். அதைப் படித்துவிட்டு, “அப்போ கேஸ்கெட்டை இன்னொரு நாள் பார்த்துக்கலாம்” என்று சாவியை வாங்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அவர்கள் வண்டியில் குழிக்குள் ஆயில் ஏறிக்கொண்டே இருக்கும், ரப்பரும் ஊறிக்கொண்டே இருக்கும்.