அனுப்பும்போது மட்டும் செவிடாகும் ரிப்பீட்டர்

எங்கள் அமெச்சூர் வானொலிக் குழுவின் ரிப்பீட்டரை (வரும் பலவீனமான சிக்னலை வாங்கி, அதே நேரத்தில் வலுவாகத் திரும்ப அனுப்பும் நிலையம்) நானும் எனக்கு மூத்த நண்பர் ஒருவரும்தான் பார்த்துக்கொள்கிறோம். அவரை அண்ணன் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். போன மழைக்காலம் முடிந்த கையோடு ஒரு புகார் வந்தது. பக்கத்தில் இருப்பவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை. தொலைவிலிருந்து கையடக்க வாக்கி டாக்கியில் பேசுபவர்களின் பேச்சு மட்டும் துண்டு துண்டாக வருகிறது. ஒரு அசை கேட்கும். ரெண்டு விநாடி மௌனம். மறுபடி ஒரு அசை. இடையில் வந்த சொற்களெல்லாம் காற்றோடு போய்விடும்.

பேட்டரியிலிருந்து தொடங்கினோம். சும்மா இருக்கும்போது 13.6 வோல்ட், அனுப்பும்போது 12.9. நல்ல ஆரோக்கியம். டிரான்ஸ்மிட்டர் 40 வாட் கொடுத்தது; டூப்ளெக்சர் (ஒரே ஆன்டெனாவில் அனுப்புவதையும் கேட்பதையும் பிரித்துவைக்கும் வடிகட்டி) தாண்டி 29 வாட் வந்தது, அதுவும் சரி. ஆன்டெனா பக்கம் எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பும் சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எண், 1-ஐ நெருங்கினால் நல்லது) 1.2. அந்த எண்ணைப் பார்த்ததும் ஆன்டெனாவும் கேபிளும் தப்பு செய்யவில்லை என்று இரண்டு பேருமே முடிவு கட்டிவிட்டோம். அந்த 1.2 எங்களை எவ்வளவு ஏமாற்றியது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மிச்சமிருந்தது ரிசீவர். தொலைவுக் குரல் கேட்கவில்லை என்றால் காது மந்தம் என்றுதானே தோன்றும்? ரிசீவரைக் கழற்றி மேசைக்குக் கொண்டுவந்து சிக்னல் ஜெனரேட்டரில் மாட்டினோம். 12 டெசிபெல் சினாட் (இரைச்சலுக்கு மேலே குரல் எவ்வளவு தெளிவு என்பதன் அளவு) கிடைக்க 0.25 மைக்ரோவோல்ட் போதுமாக இருந்தது. நல்ல காது. ஆனாலும் மனசு ஒப்பாமல் முன்பக்கப் பெருக்கியை மாற்றினோம், ஒவ்வொரு கம்பிச்சுருளையும் சீர்செய்தோம். அது 0.22 ஆனது. திரும்பக் கொண்டுபோய் மாட்டினோம். புகார் அப்படியே இருந்தது. இரண்டு வார இறுதிகள் போயின.

வழி திறந்தது அந்த இரண்டு விநாடி மௌனத்தில்தான். பேசுபவர் பட்டனை விட்ட பிறகும் எங்கள் ரிப்பீட்டர் இரண்டு விநாடி காத்திருந்துதான் அணையும், அப்படி வைத்திருக்கிறோம். அண்ணன் திடீரென்று கேட்டார்: "அந்த ஹேங் டைமை அஞ்சு செகண்டுக்கு மாத்திட்டுப் பாரு, இடைவெளி என்ன ஆகுதுன்னு." மாற்றினேன். தொலைவு நண்பர் ஒருவரைப் பேசச் சொன்னோம். ஒரு அசை. ஐந்து விநாடி மௌனம். ஒரு அசை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

நடப்பது இதுதான். பலவீனமான சிக்னல் வருகிறது, ரிசீவருக்குக் கேட்கிறது, ஸ்குவெல்ச் (சிக்னல் இல்லாதபோது ஒலியை அடைத்துவைக்கும் கதவு) திறக்கிறது, டிரான்ஸ்மிட்டர் கிளம்புகிறது. கிளம்பிய அதே நொடியில் ரிசீவர் செவிடாகிவிடுகிறது. ஸ்குவெல்ச் மூடுகிறது. ஹேங் டைம் முடிந்து டிரான்ஸ்மிட்டர் அணைந்ததும் காது திரும்பக் கேட்கிறது. பேச்சு இன்னும் வந்துகொண்டிருப்பதால் மறுபடி கிளம்புகிறது. இதை டெசென்ஸ் என்பார்கள். மேசையில் தனியாக வைத்துச் சோதித்தால் அந்த ரிசீவர் ஆயுசுக்கும் நல்லதாகவே இருக்கும், ஏனென்றால் அதன் காதருகே அங்கே யாரும் கத்துவதில்லை.

கத்தல் என்று சும்மா சொல்லவில்லை. 40 வாட்டையும், 50 ஓமில் 0.25 மைக்ரோவோல்ட் தரும் சக்தியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் சுமார் 165 டெசிபெல். மடங்கில் சொன்னால் முந்நூறு கோடி கோடிக்கும் மேல். இரண்டும் ஒரே ஆன்டெனாவில், ஒரே நேரத்தில், 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நடக்கின்றன. அதைப் பிரித்துவைப்பதுதான் டூப்ளெக்சரில் இருக்கும் அந்த உயரமான கேவிட்டி உருளைகளின் வேலை. சாதாரண வாக்கி டாக்கிக்கு இந்தச் சிக்கலே கிடையாது. அது பேசும்போது கேட்காது, கேட்கும்போது பேசாது.

டூப்ளெக்சர்தான் நகர்ந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. கேவிட்டியின் தலையில் இருக்கும் திருகைப் பார்த்தால் கை துறுதுறுக்கும்.

"அண்ணே, இதை லேசா ஒரு கால் சுத்து திருப்பிப் பார்க்கட்டுமா?"

"கை வைக்காதே" என்றார். "அளக்காம ஒரு தடவை திருப்பினா, எது பழைய இடம்னு நமக்கே தெரியாமப் போயிடும். முதல்ல அளப்போம்."

அன்று அவர் என் கையைத் தடுத்ததற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். நெட்வொர்க் அனலைசர் என்ற அளவுக்கருவி பக்கத்தில் இல்லாமல் கேவிட்டித் திருகைத் தொட்டால், ஒரு பழுதைத் தேடிப் போய் இன்னொரு பழுதை உண்டாக்கிவிட்டுத்தான் வருவோம்.

டெசென்ஸை அளக்க ஒரு எளிய வழி இருக்கிறது. டூப்ளெக்சருக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே ஒரு டி (T) வடிவக் கனெக்டர். அதன் பக்கவாட்டு முள்ளை வெட்டிக் குறைத்து, நடுக்கம்பியைத் தொடாதபடி செய்திருப்போம். அந்தப் பக்கவாட்டு வழியாகச் சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து மிகச் சிறு சிக்னல் உள்ளே கசியும். டிரான்ஸ்மிட்டரின் பெருஞ்சக்தி திரும்பி வந்து ஜெனரேட்டரை எரிக்காது. முதலில் டிரான்ஸ்மிட்டரை அணைத்துவைத்து, 12 டெசிபெல் சினாட் வரும்வரை ஜெனரேட்டரைக் கூட்ட வேண்டும். அந்த எண்ணை எழுதிக்கொண்டு டிரான்ஸ்மிட்டரைப் போட்டால் குரல் இரைச்சலில் முங்கும். மறுபடி 12 வரும்வரை எவ்வளவு கூட்ட வேண்டியிருக்கிறதோ, அவ்வளவுதான் டெசென்ஸ். வித்தியாசம் மட்டும்தான் வேண்டும் என்பதால், டி எவ்வளவு கசியவிடுகிறது என்ற கவலையே வேண்டாம்.

எங்களுக்கு வந்தது 11 டெசிபெல்.

அடுத்து டூப்ளெக்சரின் ஆன்டெனா வாயில் ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடு (சக்தியை வெளியே விடாமல் வெப்பமாக்கிவிடும் சுமை) மாட்டினோம். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் டிரான்ஸ்மிட்டரை அணைத்து, மின்சாரத்தையே துண்டித்துவிட்டுத்தான் கை வைத்தோம். நாம் கனெக்டரைப் பிடித்திருக்கும்போது யாரோ ஒருவர் பேசத் தொடங்கினால் ரிப்பீட்டர் தானாகக் கிளம்பிவிடும், விரல் சுடும். டம்மி லோடோடு டெசென்ஸ் பூஜ்யம். அப்படியென்றால் டூப்ளெக்சர் குற்றமற்றது. திருகைத் தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது எனக்கு உள்ளங்கை வேர்த்தது.

இப்போது சங்கிலியில் ஒரு கண்ணி தள்ளிப் போனோம். டூப்ளெக்சரிலிருந்து இடிதாங்கிவரை (ஆன்டெனா கேபிளில் வரும் மின்னலைத் தரைக்கு அனுப்பும் சிறு கருவி) ஒரு மீட்டர் ஜம்பர் கேபிள். டம்மி லோடை அந்த ஜம்பரின் மறுமுனையில் மாட்டினோம். 7 டெசிபெல். கனெக்டர் பக்கத்தில் கேபிளை இரண்டு விரலால் மெல்ல வளைத்தேன். 10க்கு ஏறியது. கொஞ்சம் திருப்பினேன், 2க்கு இறங்கியது. ஸ்பீக்கரில் எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பது போலச் சடசடவென்று சத்தம்.

அந்த ஜம்பரை மாட்டியவன் நான்தான். இடிதாங்கியை மாற்றியபோது, கையில் இருந்த நல்ல, இழப்புக் குறைந்த கேபிளில் செய்தேன். கேபிள் நல்லதுதான், இந்த இடத்துக்குத்தான் ஆகாதது. உள்ளே அலுமினியத் தாள், அதன் மேல் வெள்ளீயம் பூசிய செப்புப் பின்னல். இரண்டு வெவ்வேறு உலோகங்கள் லட்சக்கணக்கான சிறு புள்ளிகளில் ஒன்றையொன்று லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. நாள்பட நாள்பட அந்தத் தொடுகைகள் கெடுகின்றன. 29 வாட் ஓடும்போது அந்தப் புள்ளிகளில் இரைச்சல் பிறக்கிறது, அதுவும் அகன்ற அலைவரிசையில். நாம் கேட்கும் அதே அதிர்வெண்ணிலும் அது விழுகிறது. இரைச்சல் பிறப்பது டூப்ளெக்சரைத் தாண்டி ஆன்டெனா பக்கத்தில். ஆகவே அது உண்மையான சிக்னலோடு கைகோத்துக்கொண்டு உள்ளே வரும்; எத்தனை கேவிட்டி வைத்தாலும் வடிகட்ட முடியாது. வாட் மீட்டரும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரும் இதைக் காட்டவே காட்டாது.

இரட்டைப் பின்னல், இரண்டும் வெள்ளி பூசியது, அப்படிப்பட்ட ஆர்.ஜி.-214 கேபிளில் புதிய ஜம்பர் செய்தோம். இரு முனையிலும் ‘N’ வகைக் கனெக்டர். டம்மி லோடோடு பூஜ்யம். வளைத்தாலும் முறுக்கினாலும் முள் அசையவில்லை.

அன்றே முடிந்தது என்று நினைத்தேன். ஆன்டெனாவை மாட்டி அளந்தால் 3 டெசிபெல் நின்றது. தொலைவு நண்பர்களின் துண்டுபட்ட பேச்சு சேர்ந்துவிட்டது, ஆனால் அடியில் இரைச்சல் இருந்தது. இன்னொன்றும் சொன்னார்கள்: ரிப்பீட்டரிலிருந்து தங்களுக்கு வருவதும் முன்பைவிடப் பலவீனமாக இருக்கிறதாம். ஜம்பர் இரைச்சலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையே.

அண்ணன் பழைய குறிப்பேட்டைப் புரட்டினார். ஆன்டெனாவை நிறுவிய அன்று அவர் கையால் எழுதியது: கீழே அளந்த எஸ்.டபிள்யூ.ஆர். 1.5. இன்று 1.2. யாரும் தொடாமல் ஆன்டெனா தானாக மேம்படுமா?

மேம்படாது. மேலே போகும் சக்தியில் ஒரு பகுதி ஆன்டெனாவில் பட்டுத் திரும்பி வருகிறது. இழப்பு கூடிவிட்ட கேபிள் அந்தச் சக்தியைப் போகும்போதும் தின்கிறது, திரும்பும்போதும் தின்கிறது. கீழே நிற்கும் மீட்டருக்குத் திரும்பி வருவது குறைந்து தெரியும். நல்ல ஆன்டெனா என்று அது சொல்லிவிடும்.

டிரான்ஸ்மிட்டரை அணைத்து, ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பாதுகாப்புப் பட்டையோடு ஏறினேன். ஆன்டெனாவிலிருந்து கேபிளைக் கழற்றி முனையை வெறுமனே விட்டேன். கீழே அண்ணன் அனலைசரை மாட்டினார். முனையில் எதுவுமே இல்லாத நல்ல கேபிளில் மேலே போன சக்தி முழுக்கத் திரும்பும் என்பதால், பயங்கரமான எஸ்.டபிள்யூ.ஆர். எண்ணைக் காட்ட வேண்டும். எங்கள் கேபிளின் புதுநிலை இழப்பு 1.5 டெசிபெல்; அதற்கு எஸ்.டபிள்யூ.ஆர். கிட்டத்தட்ட 6 வர வேண்டும். கீழேயிருந்து குரல் வந்தது: "ரெண்டு புள்ளி ஒண்ணு!" கணக்குப் போட்டால் ஒருவழி இழப்பு 4.5 டெசிபெல். கீழே 29 வாட் ஏற்றினால் மேலே போய்ச் சேர்ந்தது வெறும் 10 வாட். வரும் சிக்னலுக்கும் அதே கதிதான்.

கனெக்டரைச் சுற்றியிருந்த டேப்பை உரித்தேன். மேலடுக்கு நன்றாகத்தான் இருந்தது. உள்ளே போகப் போக ஈரம். கனெக்டரைத் திருகிக் கழற்றியதும் உள்ளிருந்து ஒரு துளி தண்ணீர் என் பெருவிரல் நகத்தின் மேல் விழுந்தது. நடு முள்ளில் பச்சைப் பூத்திருந்தது. கத்தியால் உறையைக் கீறினேன். செம்பு நிறத்தில் மின்ன வேண்டிய பின்னல் கரிக்கட்டையாகக் கறுத்திருந்தது. ஒரு சாண் வெட்டினேன், கறுப்பு. இன்னொரு சாண், அப்போதும் கறுப்பு. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பது போலப் பின்னல் தண்ணீரை நெடுந்தூரம் இழுத்துவிடும். காயவைத்துச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தண்ணீர் எப்படிப் புகுந்தது என்பதும் அங்கேயே தெரிந்தது. டேப்பை மேலிருந்து கீழாகச் சுற்றியிருந்தார்கள். அப்படிச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றின் விளிம்பும் மேல்நோக்கி வாய் திறந்திருக்கும். இறங்கி வரும் மழைநீரை அது ஏந்திக்கொள்ளும். ஓடு வேய்கிறவர் இறவாணத்திலிருந்து மேல்நோக்கித்தானே போவார்? டேப்பும் அப்படித்தான் கீழிருந்து மேலாகப் போக வேண்டும்.

கேபிளை முழுக்க மாற்றினோம். தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை நன்றாக இழுத்துக் கீழிருந்து மேலாகச் சுற்றி, அதன் மேல் வெயில் தாங்கும் வினைல் டேப். கட்டடத்துக்குள் நுழையும் முன் கேபிளைக் கீழே தொங்கவிட்டு ஒரு வளைவு கொடுத்தோம்; வழிந்து வரும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், உள்ளே வராது. டவரில் கேபிளைப் பிடித்திருந்த துருப்பிடித்த கிளிப்புகளையும் கழற்றி எறிந்தேன். டிரான்ஸ்மிட்டர் ஓடும்போது ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் லேசாக உரசிக்கொண்டிருக்கும் துரு இரும்புகூட அந்த ஜம்பரைப் போலவே இரைச்சல் போடும்.

கீழே இறங்கி வந்து அளந்தபோது எஸ்.டபிள்யூ.ஆர். 1.5. அண்ணன் முகத்தில் அப்படியொரு சிரிப்பு. டெசென்ஸ் அரை டெசிபெல்.

சாயங்காலம் அதே தொலைவு நண்பரை, அதே கையடக்கக் கருவியில், அதே இடத்திலிருந்து பேசச் சொன்னோம். இரைச்சல் கொஞ்சம் இருந்தது. ஆனால் தன் அழைப்புக்குறியிலிருந்து கடைசி வார்த்தைவரை ஒரு அசைகூட விழாமல் சொல்லி முடித்தார். அண்ணன் குறிப்பேட்டில் புதிய பக்கம் எடுத்து, தேதி போட்டு, எஸ்.டபிள்யூ.ஆருக்குக் கீழே இந்த முறை இரண்டு வரிகள் கூடுதலாக எழுதினார்: முனை திறந்த கேபிளின் அளவு, டிரான்ஸ்மிட்டர் ஓடும்போது டெசென்ஸ். ஹேங் டைமை நான் திரும்ப இரண்டு விநாடிக்கு வைத்தேன்.