வான்கூவர் கூட்டம் எங்கே போனது?

தோற்கிற அணிக்குக் கூட்டம் வராது என்று எல்லாரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1995-ல் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ கனடாவுக்கு வந்தபோது டொராண்டோவுக்கு ராப்டர்ஸ், வான்கூவருக்கு கிரிஸ்லீஸ் என்று இரண்டு அணிகள் ஒன்றாகத் தொடங்கின, இரண்டுமே தோற்றுக்கொண்டேதான் இருந்தன. ஆனாலும் 1996 மார்ச்சில் நட்சத்திர ஆட்டக்காரர் மைக்கேல் ஜோர்டனின் சிகாகோ புல்ஸ் வந்தபோது டொராண்டோ ஸ்கைடோமில் 36,000 பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். அன்று ராப்டர்ஸ் 109-108 என்று ஜெயித்தும் விட்டது.

வான்கூவரிலும் முதலில் நல்ல கூட்டம்தான். அங்கே இருந்த ஆறு சீசனில் மொத்தம் 460 ஆட்டம் ஆடி அணி ஜெயித்தது 101. சரி, அதைக்கூடப் பொறுத்துக்கொண்டு வந்தார்கள். இதற்கு நடுவே, உரிமையாளர்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் நடந்த சம்பளத் தகராறில் 1998-99 சீசன் 50 ஆட்டமாகச் சுருங்கியது, அதில் கிரிஸ்லீஸுக்கு வெற்றி எட்டு. அடுத்து 1999 டிராஃப்டில், அதாவது அணிகள் வரிசைப்படி புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கிற நிகழ்ச்சியில், இரண்டாவதாக ஸ்டீவ் பிரான்சிஸை எடுத்தார்கள். பெயரைக் கூப்பிட்டதும் பையன்கள் துள்ளி எழுந்து அம்மாவைக் கட்டிக்கொள்கிற நேரம் அது. இவரோ முகம் இருண்டுபோய் உட்கார்ந்திருந்தார். அங்கே ஆடவே மாட்டேன் என்று நின்று, அந்தக் கோடையிலேயே ஹூஸ்டனுக்குப் போய்விட்டார். எங்கள் ஊர் அவனுக்கே வேண்டாம் என்றால் நான் மட்டும் ஏன் காசு கொடுத்துப் போகணும் என்று ரசிகனுக்குத் தோன்றாதா? அதற்கப்புறம்தான் இருக்கைகள் காலியாகத் தொடங்கின. டிக்கெட் காசு வருவது கனடா டாலரில், ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் அமெரிக்க டாலரில், கனடா டாலரோ அப்போது படுத்துக்கிடந்தது. 2001-ல் அணியை மெம்பிஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான்.

டொராண்டோவும் 1997-98-ல் வெறும் 16 ஆட்டம் ஜெயித்த அணிதான். அங்கே வின்ஸ் கார்ட்டர் வந்தார். 2000-ல், எகிறிக் குதித்துப் பந்தை வளையத்துக்குள் அடிக்கிற டங்க் போட்டியில் முழங்கை வரை வளையத்துக்குள் விட்டுத் தொங்கினாரே, அந்த ஒரு ஆளைப் பார்க்கவே வீட்டோடு கிளம்பி வந்தார்கள். 2004-ல் அவர் நியூ ஜெர்சிக்குப் போனதும் வந்த கோபமும் அதே அளவுதான். எதிரணி உடையில் அவர் பந்தைத் தொட்டாலே அரங்கம் கத்தும், அதற்காகவே டிக்கெட் வாங்கியவர்கள் உண்டு. பத்து வருஷம் இப்படிப் போய், 2014 நவம்பரில் அரங்கத்தின் பெரிய திரையில் அவருடைய பழைய ஆட்டங்களைப் போட்டபோது அதே கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது, கார்ட்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.