ஒரே வயிற்றுக்கு மூன்று திகதி: மே 11, மே 20, மே 31

கடைசி மாதவிடாயின் முதல் நாள் 2024 ஆகஸ்ட் 4, ஆடி அமாவாசை. மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போக முடியாமல் போன நாள், மறக்க வழியில்லை. எட்டு வாரத்துக்குள் மிட்வைஃப் மிஸ்ஸிடம் பதிந்தாயிற்று, கர்ப்பப் பதிவு அட்டையும் கைக்கு வந்தது. அதுவரை பிரச்சினை இல்லை.

நாள் கணிக்கும் வட்ட அட்டையைச் சுழற்றி, பிரசவத் திகதி மே 11 என்று எழுதினார்கள். அதாவது 280 நாள். மாமிமார் சொல்லும் பத்து மாதத்தை 28 நாள் வீதம் எண்ணினாலும் அதே கணக்குத்தான். ஆனால் இது 28 நாளுக்கு ஒருமுறை ஒழுங்காக வருபவர்களுக்குரியது. சுழற்சி 35 நாள் என்றால் ஏழு நாள் கூட்ட வேண்டும். அதை யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். டெப்போ என்ற கருத்தடை ஊசியை அண்மையில் நிறுத்தியிருந்தாலோ, பால் கொடுக்கும் காலத்தில் மாதவிடாய் திரும்ப முன்பே கரு தங்கியிருந்தாலோ, கடைசியாகப் பட்டது வழமையைவிடக் கொஞ்சமாக இருந்தாலோ அந்தத் திகதியை நம்ப ஏலாது.

உண்மையான கூத்து ஸ்கேனில்தான். ஒக்டோபர் 29, மாதவிடாய்க் கணக்கில் 12 வாரம் 2 நாள். மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவையில்) கடந்து, பஸ் ஏறி, தனியார் இடமொன்றில் எடுத்தது. உச்சியிலிருந்து பிட்டம் வரையான நீளம் (சி.ஆர்.எல்.) 42 மி.மீ., அதாவது 11 வாரம். ஒன்பது நாள் வித்தியாசம். 9 முதல் 14 வாரத்துக்குள் ஏழு நாளுக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஸ்கேன் திகதியைத்தான் எடுக்க வேண்டும்: மே 20.

அந்தத் தாளில் பிரசவத் திகதி இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று, நாம் சொன்ன மாதவிடாய்த் திகதியைத் தட்டியதும் மெஷின் தானே கணக்குப் போடுவது. மற்றது அளவை வைத்து வருவது. கிளினிக்கில் முதலாவதைப் பார்த்துவிட்டு, “ஸ்கேனும் மே 11தான் சொல்லுது, சரி” என்று அட்டையில் எழுதினார்கள். நாம் சொன்னதையே மெஷின் நமக்குத் திருப்பிச் சொல்லியிருக்கிறது. அதைச் சாட்சி என்று எடுத்துக்கொண்டார்கள்.

32 வாரத்தில் எடுத்த வளர்ச்சி ஸ்கேன் மே 31 என்றது. இன்னொருவர் அதையும் சிவப்புப் பேனையால் எழுதி வைத்தார். இதுதான் ஆபத்தான பிழை. அந்த மாதத்தில் பிள்ளைகள் ஆளுக்கொரு அளவு. ஸ்கேன் மூன்று வாரம் வரை தவறலாம். அதை நம்பித் திகதியைத் தள்ளிப் போட்டால், வளர்ச்சி குறைந்த பிள்ளையும் “நாள் குறைந்த பிள்ளை” ஆகிவிடும், குறை வெளியே தெரியாது. முதல் ஸ்கேனில் குறித்த திகதியைப் பிறகு வரும் ஸ்கேன்களுக்காக மாற்றக் கூடாது.

மே 18 அன்று 41 வாரம் முடிந்தது, வலி வரவைக்க வேண்டும் என்று அனுப்பினார்கள். பையோடு வார்டுக்குப் போனால், அங்கிருந்த டொக்டர் பழைய தாளைக் கேட்டார். நல்ல காலம், அது கவருக்குள் இருந்தது. 42 மி.மீ. என்ற வரியைக் கண்டதும் விரலால் எண்ணி, “39 வாரம் 5 நாள்தான் தங்கச்சி, வீட்டுக்குப் போங்க. பிள்ளையின் அசைவு குறைந்தால், தண்ணி போனால், இரத்தம் பட்டால் உடனே வாங்க” என்றார். ஏறிய பாதையிலேயே திரும்பினோம்.

ஆகவே முதல் ஸ்கேன் தாளை வாங்கும்போதே சி.ஆர்.எல். எத்தனை மி.மீ. என்றும் எடுத்த திகதியும் இருக்கிறதா என்று பாருங்கள். சில இடங்களில் “12 வாரம்” என்று மட்டும் எழுதித் தருவார்கள், அது பிறகு எதற்கும் உதவாது. 14 வாரம் தாண்டினால் இந்த அளவு பயன்படாது, தலைச் சுற்றளவுக்குப் போவார்கள். வெப்பச் சூட்டில் அந்த அச்சுத் தாள் மங்கும், போட்டோக்கொப்பி எடுத்து வையுங்கள். திகதியை இலக்கத்தில் மட்டும் எழுத விடாதீர்கள். 04/08 ஐ ஏப்ரல் 8 என்று தட்டிவிட்டால் கணக்கே நாலு மாதம் முந்திப் போகும்.

பிள்ளை மே 22 இரவு தன்பாட்டில் வந்தது. அட்டையில் மே 31 இன்னும் வெட்டப்படாமல்தான் கிடக்கிறது.