செக்கிங்குக்கு ஓடும் யானி

மைக்செட் வேலைக்குப் போன முதல் வருஷம். மண்டபத்தில் பாக்ஸ் அடுக்கி, ஒயர் சொருகி முடித்ததும் முதலாளி ஒரு சிடியைத்தான் போடுவார். யானி. கீபோர்டு வாசிக்கிற கிரேக்கக்காரர், நீள முடி, மீசை. 'சாண்டொரினி' என்ற உருப்படி கிளம்பி டிரம்ஸ் இறங்கும்போதே எந்த பாக்ஸ் அடிவாங்கியிருக்கிறது, கீச்சுச் சத்தம் தருகிற ட்வீட்டரில் எது போய்விட்டது என்று தெரிந்துவிடும். மாப்பிள்ளை வீட்டார் வரும்வரை அதுவே ஓடும். எங்கள் பக்கத்தில் யானியை முழுசாகக் கேட்டவர்கள் சமையல்காரர்களும் நாற்காலி போடும் பையன்களும்தான்.

அந்த சிடியில் இருந்தது 1993 செப்டம்பரில் ஏதென்ஸில் நடந்த கச்சேரி. 'லைவ் அட் தி அக்ரோபோலிஸ்' என்று பெயர் இருந்தாலும் மனிதர் அக்ரோபோலிஸ் குன்றின் மேலே உட்கார்ந்து வாசிக்கவில்லை. கீழே சரிவில் இருக்கிற ஹெரோடெஸ் அட்டிகஸ் அரங்கத்தில் வாசித்தார். கி.பி. 161 வாக்கில் ஒரு பெரும் பணக்காரர் இறந்துபோன மனைவியின் நினைவாகக் கட்டியது. சுமார் 5,000 பேர் உட்காரலாம். ஒரு காலத்தில் மரக்கூரை இருந்ததாம். 267-ல் படையெடுப்பில் அழிந்தது. கூரை இல்லாத இடத்தில் மேலே போகிற சத்தம் போனதுதான். பின்னால் நிற்கிற உயரமான கல்சுவர் கொஞ்சம் முன்னால் தள்ளிவிடும், அவ்வளவே.

வீடியோ பார்த்தது ரொம்பப் பின்னால். 'விதின் அட்ராக்‌ஷன்' உருப்படியில் கேரன் பிரிக்ஸ் என்ற பெண்ணும், ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிற ஷார்தாத் ரொஹானியும் வயலினை வைத்துக்கொண்டு மல்லுக்கு நிற்பார்கள். திருவிழாவில் ரெண்டு தவில்காரர் முறைத்துக்கொள்வார்களே, அதே அழகு. யானிக்கு வழக்கமான நொட்டேஷன் வாசிக்கத் தெரியாது, தனக்கென்று ஒரு குறிப்பு முறை வைத்திருக்கிறார் என்று படித்தபோது ஏனோ சந்தோஷமாக இருந்தது.

ஆனால் ஒரு ராத்திரி ஹெட்போன் மாட்டிக் கண்ணை மூடிக் கேட்டேன். அந்தக் கல்சுவர் திருப்பித் தருகிற சத்தம் எங்கே? கைதட்டல் இருக்கிறது, கல் இல்லை. குறை சொல்லவில்லை. கீபோர்டு சத்தம் ஒயர் வழியே நேராக மிக்சருக்கு வந்துவிடும். டிரம்ஸுக்குப் பக்கத்தில் வயலினை வைத்துக்கொண்டு மைக்கைத் தள்ளி வைத்தால் எல்லாம் ஒன்றில் ஒன்று புகுந்துவிடும், ஊளையும் கிளம்பும். நானாக இருந்தாலும் கிட்டத்தில்தான் வைத்திருப்பேன். 1997-ல் அவர் தாஜ்மகால் பக்கத்திலும், பெய்ஜிங் அரண்மனை வளாகத்திலும் வாசித்து 'ட்ரிப்யூட்' என்ற ஆல்பம் வந்தது. அதிலும் தாஜ் பின்னால் நின்று போட்டோவுக்குத்தான் முகம் காட்டுகிறது.

அதே தாஜுக்குள்ளே 1968-ல் பால் ஹார்ன் என்ற அமெரிக்கர் ஒற்றைப் புல்லாங்குழலோடு போய் வாசித்த பதிவு இருக்கிறது. கச்சேரி இல்லை, மேடை இல்லை. ஒரு சுரம் ஊதினால் அந்தக் குவிமாடத்தில் 28 விநாடி நிற்கும் என்பார்கள். வேகமாக ஊதினால் கூழாகிவிடும். அதனால் மனுஷன் ஒரு பிடி ஊதிவிட்டு நிறுத்துகிறார். அது மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே அதோடு சேர்கிற அடுத்த சுரத்தை விடுகிறார். ஒரு குழல், கேட்பதற்கு மூன்று. நடுவில் அங்கே காவலுக்கு இருந்தவர் குரல் கொடுக்கிறார். அதுவும் பதிவில் அப்படியே இருக்கிறது. எதிரொலி கூட்டுகிற ரிவெர்ப் குமிழை வருஷக்கணக்காகத் திருகித் திருகி நான் தேடியது அங்கே சும்மா கிடந்திருக்கிறது.

போன வருஷம் ஒரு கோயில் கல் மண்டபத்தில் நாகஸ்வரம் பதிவு பண்ணச் சொன்னார்கள். பழக்கதோஷத்தில் மைக்கை அணசுக்கு, அதாவது நாகஸ்வரத்தின் அடியில் விரிந்திருக்கிற வாய்க்கு, கிட்டே வைத்தேன். சுத்தமாக வந்தது, ஸ்டூடியோ மாதிரி. ரெண்டாம் தரம் பதினைந்து அடி தள்ளி ஒரு தூண் மறைவில் வைத்துவிட்டு, ஐயாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. தோடி எடுத்தார். நடுவில் யாரோ மணி அடித்தார்கள், வௌவால் ஒன்று பறந்தது.

முடிந்ததும் போட்டுக் காட்டினேன். ஒரு இடத்தில் கையை உயர்த்தினார்.

"தம்பி, இங்க நான் மூச்சு வாங்கினேன். ஊதுறது யாரு?"

மண்டபம்தான் ஐயா என்றேன். மறுபடி அந்த இடத்தைப் போடச் சொன்னார். மூன்று தடவை போட்டேன். மணிச் சத்தத்தை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். முடியாது என்று பொய் சொன்னேன்.