அப்பாவின் லேண்ட் ரோவர்: ஸ்பிரிங் மாற்றிய நாட்கள்

ஜூன் 1, 2025, ஞாயிறு. பட்டர்வொர்த்

இன்று அப்பா வண்டியில் ஏறவில்லை. வாசல் வரை வந்து கதவைத் திறந்தவர், சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, "நீ போய்ட்டு வாய்யா, எனக்கு இடுப்பு தாங்காது" என்றார். பிறைக்குப் பத்து நிமிடப் பயணம்தான். தனியாகப் போய் வந்தேன். ஒவ்வொரு குழியிலும் முதுகுத்தண்டில் அடி விழுகிற மாதிரி இருந்தது.

வண்டி 1976-இல் வந்த சீரீஸ் 3, 88 அங்குலக் குட்டை வண்டி. நிபோங் தெபால் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அப்பா டிரைவராக இருந்தபோது புதிதாக வந்திறங்கியது. பிறகு தோட்டம் பழைய வண்டிகளை விற்றபோது அவரே வாங்கிக்கொண்டார். ஏன் இப்படித் தூக்கிப் போடுகிறது என்று யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான். பட்டறைக்காரச் சீனர் சிரித்துக்கொண்டே, "லேண்ட் ரோவர் மெமாங் மச்சாம் இனி லா" என்கிறார், லேண்ட் ரோவர் என்றாலே இப்படித்தான் என்று. கேமரன் மலையில் இன்றும் காய்கறி ஏற்றுகிற பழைய லேண்ட் ரோவர்களைப் பார்த்தவர்களும் அதையேதான் சொல்கிறார்கள்.

அப்பா மட்டும் ஒத்துக்கொள்வதில்லை. "புதுசுல இப்படித் தூக்கிப் போடாதுடா. பிரசவ வலி வந்த பொம்பளைங்கள லயத்து வீடுங்கள்லேர்ந்து செம்மண் ரோட்டுல ஏத்திட்டுப் போயிருக்கேன். இப்படி இருந்திருந்தா ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்திருக்க முடியுமா?"

வண்டியைப் பிரித்துப் பார்க்க இதற்குமேல் எனக்கு ஒரு காரணமும் வேண்டாம்.

ஜூன் 7, சனி

ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. காலையிலேயே வண்டிக்கு அடியில் படுத்துவிட்டேன்.

முதலில் முன் பம்பரில் ஏறி நின்று குதித்துப் பார்த்தேன். ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை. பின்பக்க ஸ்பிரிங்கில் பதினொரு பட்டைகள். வண்டி இறங்கி ஏறும்போது இவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர வேண்டும். என் வண்டியில் நடுவே துரு ஏறி உப்பி, பதினொன்றும் ஒரே இரும்புக் கட்டியாகிவிட்டது. ஸ்க்ரூ டிரைவர் முனை நுழைய இடமில்லை. அதாவது, நாங்கள் இத்தனை வருடம் ஸ்பிரிங் இல்லாத வண்டியில் போய்க்கொண்டிருந்தோம்.

குலுக்கலை அடக்குகிற அப்சோபரைக் கழற்றிக் கையால் இழுத்துப் பார்த்தேன். சைக்கிள் பம்பு மாதிரி தடையே இல்லாமல் போய் வந்தது. எண்ணெய் எப்போதோ ஒழுகிப் போயிருக்கிறது.

டயரையும் பார்த்தேன். நான்கிலும் காற்றழுத்தம் 40 பிஎஸ்ஐ! கையேட்டில் இந்த வண்டிக்கு 25 என்று இருக்கிறது. காற்று அடிக்கிற இடத்தில் லாரி என்று நினைத்து அடித்திருப்பார்கள். நானும் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

என்ன ஸ்பிரிங் போடுவது என்று நண்பர்களோடு நேற்றிரவு முழுக்கப் பேச்சு. பலர் பாரபோலிக் போடச் சொல்கிறார்கள். அதில் இரண்டு மூன்று பட்டைகள்தான். நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்து, முனையிலும் நடுவிலும் மட்டுமே ஒன்றையொன்று தொடும். உராய்வு குறைவு, அதனால் மென்மை அதிகம். நல்ல பொருள்தான், குறை சொல்ல மாட்டேன். பழைய பட்டைகளையே சூடேற்றி வளைத்துத் தருவதாக ஒரு கடைக்காரர் சொன்னார். சூட்டின் பதம் தவறினால் எஃகு உடையும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

நான் பழைய அமைப்பிலேயே புதிய பட்டை ஸ்பிரிங் வாங்குவது என்று முடிவு செய்தேன். இந்த வண்டி 1976-இல் எப்படி ஓடியது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அப்பா சொன்னது சரியா என்பதற்கு வேறு வழியில்லை. நான்கு ஸ்பிரிங், நான்கு அப்சோபர், எல்லா புஷ்களும் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உறைகள்), புதிய யூ போல்ட்டுகளும் (ஸ்பிரிங்கை அச்சோடு சேர்த்துக் கட்டுகிற வளைந்த கம்பிகள்) வாங்கச் சொல்லியாகிவிட்டது. பழைய யூ போல்ட்டை மறுபடி போடக் கூடாது. ஒருமுறை இழுபட்ட கம்பி அது.

ஜூன் 14, சனி

சேசியை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, ஸ்டாண்டின் மேல் நிறுத்திவிட்டுத்தான் அடியில் போனேன். ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள்.

யூ போல்ட்டுகள் ஒருவாறு வந்துவிட்டன. ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேசியோடு ஆடும்படி இணைக்கிற ஷேக்கிளின் போல்ட்டுகள்தான் உயிரை எடுத்தன. ஸ்பானர் போட்டால் போல்ட் சுழல்கிறது, ஆனால் வெளியே வரவில்லை. உள்ளே புஷ்ஷின் இரும்புக் குழாயோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டு, ரப்பரையும் சேர்த்து முறுக்குகிறது. மூன்று நாளாக எண்ணெய் விட்டும் பயனில்லை. கடைசியில் கிரைண்டரால் தலையை அறுத்தேன். எட்டில் ஆறு போல்ட்டுகள் அப்படித்தான் போயின.

ஜூன் 15, ஞாயிறு

இன்றைய நாள் முழுவதும் சேசி புஷ்களுக்கே போயிற்று. சேசியின் நான்கு மூலைகளிலும் ஒரு குழாய்க்குள் புஷ் அடித்து இறக்கியிருக்கிறார்கள். உள்ளே ஓர் இரும்புக் குழாய், வெளியே ஓர் இரும்புக் குழாய், நடுவில் ரப்பர். ரப்பரைத் துளைபோட்டு எடுத்துவிட்டேன். வெளிக்குழாய் மட்டும் சேசியோடு சேசியாகிக் கிடக்கிறது.

இதற்கு அவசரமே ஆகாது. ரம்பத்தின் பிளேடைக் கழற்றி, ஓட்டைக்குள் நுழைத்து, மறுபடி மாட்டி, உள்ளிருந்து மெதுவாக அறுக்க வேண்டும். புஷ்ஷின் குழாய் மட்டும் அறுபட வேண்டும், சேசியில் கீறல் விழக் கூடாது. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. விரலை உள்ளே விட்டுத் தடவித் தடவிப் பார்த்தேன். அறுக்கும் சத்தம் கொஞ்சம் மாறும். முதலில் கரகரவென்று இருந்தது, குழாய் பிளந்ததும் மந்தமாகிவிடும். முதல் புஷ்ஷுக்கு இரண்டரை மணி நேரம். அப்பா நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவதில், "போதும், நிறுத்து, சத்தம் மாறிடுச்சு" என்றார். உளி வைத்து ஒரு தட்டு, குழாய் உள்ளே சுருண்டு வந்துவிட்டது. எனக்கு அந்த மாற்றம் கேட்கவே இல்லை.

புதிய புஷ்களை அடித்து இறக்கவில்லை. நீளப் போல்ட், வாஷர், சாக்கெட் வைத்து இழுத்து உட்கார வைத்தேன்.

ஜூன் 18, புதன்

வேலை, மழை. ஒன்றும் நடக்கவில்லை.

ஜூன் 21, சனி

ஒவ்வொரு பட்டைக்கும் நடுவே கிராஃபைட் கிரீஸ் தடவினேன். தோட்டத்தில் மாதம் ஒருமுறை கழிவு எண்ணெயைத் தூரிகையில் தொட்டுப் பட்டைகளில் பூசுவார்களாம். வண்டி எங்களிடம் வந்த பிறகு அதைச் செய்ய ஆளில்லாமல் போனது. துருவின் கதை அங்கேதான் தொடங்கியிருக்கிறது.

மாலைக்குள் நான்கும் ஏறிவிட்டன. இறக்கி நிறுத்தினால், எதிர்வீட்டு வாசலில் நின்ற அப்பா, "வண்டி வலப்பக்கம் சாயுது" என்றார். அளந்தேன். உண்மைதான். டிரைவரும் பெட்ரோல் டாங்கியும் வலப்பக்கம் என்பதால் அந்தப் பக்க ஸ்பிரிங்கை அதிக வளைவோடு செய்திருக்கிறார்கள். காலி வண்டி வலப்பக்கம் சற்று உயர்ந்தே நிற்க வேண்டும். கிரீஸ் தடவும்போது எந்தப் பக்கத்து ஸ்பிரிங் என்று காட்டும் அட்டையைக் கழற்றி வைத்த நான், பின்பக்க ஜோடியை இடம் மாற்றி ஏற்றியிருக்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

கழற்றி மாற்றினேன். ஷேக்கிள் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்கியது வண்டி நான்கு சக்கரத்திலும் நின்ற பிறகுதான். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், வண்டி தரையில் நின்றவுடன் புஷ் ரப்பர் எப்போதும் முறுக்கியபடியே இருக்கும். சீக்கிரம் கிழியும், ஓட்டமும் விறைப்பாக இருக்கும். முன்னும் பின்னும் தள்ளி, பம்பரில் ஏறிக் குதித்து, அது தன் இடத்தில் அமர்ந்ததும் இறுக்கினேன். இப்போது குதித்தால் இறங்குகிறது. ஒருமுறை எழுந்து அடங்குகிறது.

ஜூலை 7, திங்கள்

ஜார்ஜ் டவுன் பாரம்பரிய தினம், பினாங்கில் விடுமுறை. பாலிக் புலாவில் டுரியான் காலம். அப்பாவைக் கேட்டேன். ஒன்றும் சொல்லாமல் சட்டை மாற்றிக்கொண்டு வந்து ஏறினார்.

தீவுக்கு 1985-இல் திறந்த பாலத்தில்தான் போனோம். பாலத்தின் இணைப்புகள் ஒவ்வொன்றும் முன்பு இடுப்பில் 'தட்' என்று விழும். இன்று 'டப்', 'டப்' என்று சக்கரத்தில் மட்டும் கேட்டது. நடுப்பாலத்தில் அப்பா கைப்பிடியை விட்டுவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். துன் சார்டோன் சாலை வளைவுகளில் வண்டி கொஞ்சம் சாய்ந்தது. அது இந்த வண்டியின் இயல்பு, அதை நான் மாற்ற நினைக்கவில்லை.

டுரியான் தோப்புக்கு ஏறுகிற குண்டும் குழியுமான பாதையில்தான் பேசினார். "இதுதான்யா. இப்படித்தான் இருந்துச்சு."

வீடு திரும்பியதும் யூ போல்ட்டுகளைச் சோதித்தேன். பின் இடது பக்கம் கால் சுற்று ஏறியது. ஸ்டியரிங்கில் ஆட்டம் இருக்கிறதாம், அடுத்த வாரம் பார்க்கச் சொல்கிறார்.