கன்சோல் இல்லாத சர்வரில் ஃப்ரீபிஎஸ்டி: நாட்குறிப்பு

2025 ஜூலை 4

வாடகை மெய்நிகர் சர்வரில் இப்போது ஓடுவது டெபியன் லினக்ஸ். அந்த இடத்துக்கு யுனிக்ஸ் வழி வந்த இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டி 14.3 வர வேண்டும். கன்சோலும் (சர்வரின் திரையை நேரில் பார்க்கும் வழி) இல்லை, மீட்பு வசதியும் இல்லை; தொலைவிலிருந்து கட்டளை தரும் எஸ்எஸ்ஹெச் ஒன்றே வாசல். இதற்குப் பொருத்தமானது மார்ட்டின் மாதுஷ்கா உருவாக்கிய சிறிய ஃப்ரீபிஎஸ்டி வடிவமான எம்எஃப்எஸ்பிஎஸ்டி. லினக்ஸ் சர்வரைத் தொலைவிலிருந்தே ஃப்ரீபிஎஸ்டியாக மாற்றும் காலின் பெர்சிவலின் கருவி டிபெங்குவினேட்டர் போட்ட பாதையில் வந்தது. பூட் ஆனதும் முழுக்க நினைவகத்திலேயே இயங்குவதால் வட்டு நம் கைக்குக் காலியாகக் கிடைக்கும்.

டெபியன் இருக்கும்போதே குறித்துக்கொண்டவை: ஐபி, கேட்வே (வெளி வலைக்கான வாயில்), மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் வன்பொருள் முகவரி), நெட்வொர்க் டிரைவர். லினக்ஸில் ஈத்0 எனத் தெரியும் கார்டு, ஃப்ரீபிஎஸ்டியில் டிரைவர் பெயரோடு வரும்: விர்ட்ஐஓ (மெய்நிகர் கணினிக்கான வன்பொருள் வகை) என்றால் விடிநெட்0, இன்டெல் இ1000இ என்றால் இஎம்0. பெயர் பிசகினால் சர்வர் நன்றாகவே ஓடும், ஆனால் யாராலும் அதைத் தொட முடியாது. பூட் முறை பழைய பயாஸ், அதன் பின் வந்த யுஇஎஃப்ஐ இல்லை.

ஜூலை 5

வேறொரு ஃப்ரீபிஎஸ்டி கணினியில் எம்எஃப்எஸ்பிஎஸ்டி இமேஜ் (வட்டில் அப்படியே எழுதும் கோப்பு) தயார். இயல்பான ரூட் கடவுச்சொல் 'எம்எஃப்எஸ்ரூட்' என்பது ஊரறிந்தது. அதை மாற்றி, என் எஸ்எஸ்ஹெச் பொதுச் சாவியையும் உள்ளேயே வைத்தாயிற்று. ஐபியைத் தானாகப் பெறும் டிஹெச்சிபியை நிறுத்தியாயிற்று.

ஐபி /32 ஆக, அதாவது ஒரே ஒரு முகவரி கொண்ட வலையமைப்பாகத் தரப்பட்டிருக்கிறது. கேட்வே அந்த வலையமைப்புக்கு வெளியே. அமைப்புக் கோப்பில் டிஃபால்ட்ரவுட்டர் வரி மட்டும் எழுதினால் 'நெட்வொர்க் அன்ரீச்சபிள்' என்று ரவுட் கட்டளை மறுக்கும். முதலில் கேட்வேயை விடிநெட்0 வழியாக நேரடி ஹோஸ்ட் ரவுட்டாகச் சேர்த்து, அதன் பிறகே டிஃபால்ட் ரவுட். ஸ்டாட்டிக் ரவுட்ஸில் இந்த வரிசை மாறக் கூடாது.

ஜூலை 6

மெய்நிகர் கணினி மென்பொருளான கியூமுவில் ஒத்திகை. விர்ட்ஐஓ வட்டு, விர்ட்ஐஓ கார்டு, சர்வரின் அதே மேக் முகவரி. கியூமுவின் உள் வலையமைப்பான யூசர் நெட்வொர்க்குக்கு கேட்வேயாக சர்வரின் கேட்வே முகவரியையே கொடுத்து, 2222 போர்ட்டை விருந்தினரின் (உள்ளே ஓடும் மெய்நிகர் கணினியின்) எஸ்எஸ்ஹெச் போர்ட்டான 22-க்குத் திருப்பினால் போதும்: ஒரு வரி கூட மாற்றாமல் அதே இமேஜைச் சோதிக்கலாம். எஸ்எஸ்ஹெச் திறந்தது. இந்தச் சோதனையைத் தாண்டாத இமேஜை சர்வருக்கு அனுப்பவே கூடாது.

ஜூலை 7

சேவைகளை நிறுத்தி, நினைவகத்திலேயே இருக்கும் கோப்பிடமான டிஎம்பிஎஃப்எஸ் ஒன்றை மவுண்ட் செய்து, இமேஜையும், பல கட்டளைகள் ஒரே கோப்பில் அடங்கிய பிஸிபாக்ஸின் ஸ்டாட்டிக் (வேறு கோப்புகள் தேவைப்படாத) பதிப்பையும் அதில் வைக்க வேண்டும். பிஸிபாக்ஸ் எதற்கு? இமேஜை வட்டில் எழுதும் டிடி கட்டளை முடிந்த கணத்தில் பழைய வட்டு அழிந்துவிடும். அதிலிருந்து புதிதாக எந்தக் கட்டளையையும் எடுக்க முடியாது.

லினக்ஸ் கர்னலுக்கு நேரடியாக ஆணையிடும் சிஸ்ஆர்க்யூவில் முதலில் எஸ் (நிலுவைத் தரவை வட்டில் எழுதும்), பிறகு யு. யு எல்லா வட்டுகளையும் படிக்க-மட்டும் நிலைக்குத் தள்ளும். அதை விட்டால், டிடி எழுதிய இடத்தின் மேல் டெபியன் தன் ஜர்னலை (கோப்பு மாற்றங்களின் பதிவை) எழுதி இமேஜைக் கெடுக்கும். பின் டிடி, பிளாக் அளவு 1 எம்பி, முடிவில் எல்லாம் வட்டில் இறங்குவதற்காக எஃப்சிங்க். கேஷைக் காலி செய்துவிட்டு, இமேஜ் நீளத்துக்கு வட்டைத் திரும்பப் படித்து ஷா256 சரிபார்ப்பு மதிப்பை ஒப்பிட்டதில் பொருந்தியது. கடைசியாகச் சிஸ்ஆர்க்யூ பி (உடனடி ரீபூட்). சாதாரண ரீபூட் கட்டளை வட்டைத் தேடிப் போகும், அதை நம்பக் கூடாது.

பிங் திரும்பியது. எம்எஃப்எஸ்பிஎஸ்டிக்குள் நுழைந்தாயிற்று.

ஜூலை 8

சர்வரின் வட்டான விடிபிடி0-வில் பழைய பார்ட்டிஷன்களை ஜிபார்ட் கட்டளையால் அழித்து, 512 கேபி பூட் பகுதி, ஸ்வாப், மிச்சம் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை. பிஎம்பிஆர், ஜிபிடிஇசட்எஃப்எஸ்பூட் என்ற பூட் நிரல்கள் இரண்டும் எழுதியாயிற்று. பேஸ், கர்னல் தொகுப்புகளைப் பிரித்தபின் இசட்எஃப்எஸ் பூலில் (சேமிப்புத் தொகுதியில்) எதிலிருந்து பூட் ஆக வேண்டும் என்று சொல்லும் பூட்எஃப்எஸ் குறிக்க மறக்கக் கூடாது.

நெட்வொர்க் வரிகள் ஒத்திகையில் ஓடியவையே, எழுத்துப் பிசகாமல். எஸ்எஸ்ஹெச் சேவையான எஸ்எஸ்ஹெச்டியை இயக்கும் வரியும் உடன். ஃப்ரீபிஎஸ்டியில் ரூட்டுக்கு எஸ்எஸ்ஹெச் நுழைவு இயல்பாகவே மூடியிருக்கும்; ஆகவே ரூட்டாக மாற அனுமதியுள்ள வீல் குழுவில் ஒரு பயனர், அவருக்குச் சாவி. லோடர் அமைப்புக் கோப்பில் இசட்எஃப்எஸ் ஏற்றும் வரி, ஆர்சி அமைப்புக் கோப்பில் இசட்எஃப்எஸ் இயக்கும் வரி. பூலை எக்ஸ்போர்ட் செய்து ரீபூட்.

ஹோஸ்ட் சாவி மாறியதால் எஸ்எஸ்ஹெச் எச்சரித்தது. பழைய பதிவை நீக்கி, ரீபூட்டுக்கு முன்பே உருவாக்கிக் குறித்திருந்த புதிய சாவியின் கைரேகையோடு ஒப்பிட்ட பிறகே 'யெஸ்'.